இளைஞர் இசையும் முதிர்ந்தோர் உள்ளமும்

இளமைக்குரியது இளமையோடு கழியும் என்பது உலக வழக்கு. உடை, நடை, ஆட்டம், பாட்டு ஆகியவற்றுள் இன்னவை இன்ன பருவத்தார்க்கு உரியன என்னும் வரையறை எல்லாச் சமுதாயங்களிலும் உண்டு. அதனைக் கடப்போர் நகைக்கப்படுவர். தமிழில் உலாப் பாடிய புலவரும் பெண்டிரைப் பேதை முதற் பேரிளம்பெண் ஈறாக எழு பருவத்தாராய் வகுத்து, அவ்வப் பருவத்திற்கேற்ற உணர்ச்சியைக் காட்டினர். ஆயினும் அவ்வுலாவில் ஒன்று கருதத்தக்கது. தெருவில் வரும் தலைவன் ஒருவனே. அவனைக் கண்டு உள்ளம் நெகிழ்வோர் எழு பருவத்தாரும் ஆவர். உணர்ச்சி வெளிப்படும் முறை பருவந்தோறும் வேறுபடும். உணர்ச்சியை எழுப்பிய பொருள் வேறுபடுவதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிரித்தானியாவில் எழுந்த இளைஞர் இசைக்கூட்டங்களை ஆராய்வோர்க்கு இவ்வேறுபாடு பெரிதும் வேண்டப்படுவது. நாற்பதும் ஐம்பதும் கடந்தோர் பலர் அவ்விசையைக் கேட்டு, 'இஃது எமக்குரியது' என உணர்கின்றனர். அவருட் சிலர் இளமையிலே அக்கூட்டத்துட் புகுந்து பின்னர் நீங்காது நின்றவர். வேறு சிலர் மணமும் மக்கட்பேறும் தொழிலும் எய்திய பின்னரே முதன்முறையாக அதனைச் சார்ந்தவர். ஊரார் இவ்விரு சாராரையும் நகைத்தனர். ஆராய்ச்சியாளர் நெடுங்காலம் இவர்களைக் கண்டிலர். இவர்தம் உணர்வு உண்மையோ போலியோ, உண்மையாயின் அதற்கு அளவுகோல் யாது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

உட்பண்பாடு என்னும் சொல், ஒரு பெரும் பண்பாட்டினுள் வாழ்ந்துகொண்டே உடை, பேச்சு, இசை, கூடுமிடம் என்பவற்றால் தம்மை வேறுபடுத்திக்கொள்ளும் சிறு கூட்டத்தாரின் வாழ்க்கைமுறையைக் குறிக்கும். 1950ஆம் ஆண்டுகளில் எட்வேட் மன்னர் காலத்து நீண்ட மேற்சட்டையைத் தமதாக்கிக்கொண்ட 'ரெடி' இளைஞரும், 1960ஆம் ஆண்டுகளில் ஸ்கூட்டரும் ஒட்டத் தைத்த உடையுமாகத் திரிந்த 'மொட்' இளைஞரும், 1976ஐ அடுத்துப் பரவிய 'பங்க்' கூட்டத்தாரும் இவ்வகையினர். இவர்களை ஆராய்தற்கு நிலைக்களமாய் விளங்கியது, பேமிங்காம் பல்கலைக்கழகத்தில் றிச்சாட் ஹொகாட் 1964இல் நிறுவிய சமகாலப் பண்பாட்டு ஆய்வு நிலையமாகும். ஹொகாட் தாமே 1957இல் எழுதிய நூலில், சிற்றுண்டிச்சாலைகளில் அமெரிக்கப் பாட்டுக் கேட்டுப் பொழுதுபோக்கிய இளைஞரை இகழ்ந்திருந்தார். அவருக்குப்பின் நிலையத்தை நடத்திய ஸ்ரூவட் ஹோலும் அவர் வழிவந்தோரும் அவ்விகழ்ச்சியைக் கைவிட்டனர். ஹோலும் ரொனி ஜெபர்சனும் தொகுத்த கட்டுரைகள் 1976இல் நூல்வடிவம் பெற்றன. டிக் ஹெப்டிஜின் நூல் 1979இல் வெளிவந்தது. சட்டையிற் குத்திய ஊசியும் வெட்டிய தலைமயிரும் வெறும் பகட்டல்ல, நிலவிய ஒழுங்கை மறுக்கும் குறிகள் என இவர்கள் காட்டினர். செய்யுளை நோக்கும் நுண்மையோடு தெருவோர இளைஞனின் உடையையும் நோக்கலாம் என்று கற்பித்தமை திறனாய்வு வரலாற்றில் இவர்கள் செய்த அரும்பணியாகும்.

எனினும் இவ்வாராய்ச்சி தன் கண்ணுக்குப் பட்டதையே முழுமையெனக் கொண்டது. அந்த 1976ஆம் ஆண்டுத் தொகுப்பிலேயே அஞ்சலா மக்றொபியும் ஜெனி காபரும் ஒரு கட்டுரை எழுதி, இவ்வாராய்ச்சியிற் பெண்கள் எங்கே என வினாவினர். தெருவில் நின்ற ஆடவரைக் கண்டவர்கள், வீட்டறையிலிருந்து இசைத்தட்டுக் கேட்ட பெண்ணைக் காணாது விட்டனர் என்பது அவ்வினாவின் கருத்து. பெண்ணைக் காணாத அதே கண் முதிர்ந்தோரையும் கண்டிலது. உட்பண்பாடு என்பது பள்ளிக்கும் மணவாழ்க்கைக்கும் இடைப்பட்ட சில ஆண்டுகளுக்கே உரியது என்பது நிறுவப்படாமலே கொள்ளப்பட்ட முடிபாயிற்று.

இதில் வியப்பு யாதெனின், அவ்வாராய்ச்சியின் அடிப்படைக் கருத்தே இம்முடிபிற்கு மாறானது என்பதாம். பில் கோகென் என்பார் 1972இல் இலண்டன் கீழ்ப்புறத்துத் தொழிலாளர் வாழ்வை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். பழைய தெருக்கள் இடிக்கப்பட்டு மாடிக் குடியிருப்புகள் எழுந்தன. வழிவழி வந்த தொழில்கள் நலிந்தன. அடுத்தடுத்து வாழ்ந்த உறவினர் பிரிந்தனர். இவ்விடர்ப்பாடு முதற்கண் பெற்றோர்க்கே நேர்ந்தது. அவர்தம் வாழ்வில் வெளிப்படையாகச் சொல்லப்படாமலும் தீர்க்கப்படாமலும் கிடந்த முரண்பாட்டைப் பிள்ளைகளின் உட்பண்பாடு மந்திரத்தாற்போல வெளியிட்டுத் தீர்க்க முயல்கின்றது என்பது கோகெனின் கொள்கை. பின்வந்தோர் பலரும் இதனை ஏற்றனர். இக்கொள்கை உண்மையாயின், பிள்ளையின் பாட்டில் ஒலிப்பது பெற்றோரின் துயரமே ஆதல் வேண்டும். தன் துயரத்தைப் பிறன் வாயிலாகக் கேட்ட ஒருவன் அதனைத் தன்னுடையதென உணர்தலிற் போலி யாது? முதிர்ந்தோர் இவ்விசையிற் கலத்தற்கு இடந்தந்தது கொள்கை. அவ்விடத்தை மறுத்தவர் கொள்கையாளர்.

இதனை விளக்குதற்கு இங்கிலாந்தின் வடபாகத்தில் எழுந்த 'நோதேண் சோல்' என்னும் உட்பண்பாடு ஏற்ற எடுத்துக்காட்டாகும். 'சோல்' என்பது ஆன்மா என்னும் பொருளது. தேவாலயப் பாட்டின் உருக்கத்தையும் ஆடற்பாட்டின் தாளத்தையும் இணைத்துக் கறுப்பின அமெரிக்கர் வளர்த்த இசைக்கு அது பெயர். 1960ஆம் ஆண்டுகளின் நடுவில் டெற்றொயிற் முதலிய நகரங்களிலிருந்து இவ்விசைத்தட்டுகள் பெருந்தொகையாக வெளிவந்தன. வெற்றி பெற்றன சில. விலைபோகாது ஒழிந்தன பல. அமெரிக்காவில் இசையின் போக்கு மாறிய பின்னரும், மஞ்செஸ்ரர் நகரின் 'ருவிஸ்ரட் வீல்' முதலிய இராக்கழகங்களில் அப்பழைய விரைதாளப் பாட்டுகளையே இளைஞர் விரும்பினர். இலண்டனில் இசைத்தட்டுக்கடை நடத்திய டேவ் கொடின், காற்பந்தாட்டம் காண வடபுலத்திலிருந்து வருவோர் கேட்கும் தட்டுகள் தனித்தன்மை உடையனவாயிருத்தலைக் கண்டு, 1970இல் வடபுலத்துச் சோல் எனப் பொருள்படும் இப்பெயரை வழங்கினார். அவர் 1936இற் பிறந்தவர். இளைஞர் உட்பண்பாடு ஒன்றிற்குப் பெயரிட்டவரே முப்பதைக் கடந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

1973ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதத்தில், விகன் நகரின் பழைய நடன மண்டபமொன்றில் 'விகன் கசினோ' என்னும் கழகத்தின் முழுவிரவு ஆட்டம் தொடங்கிற்று. 1981 டிசெம்பர் வரை அது நடைபெற்றது. விகன் நிலக்கரிக்கும் பருத்தியாலைக்கும் பேர்பெற்ற ஊர். அவ்விரு தொழிலும் நலிந்துகொண்டிருந்த காலம் அது. வாரமெல்லாம் உழைத்த இளைஞர் சனி நள்ளிரவு கழிந்தபின் அங்குத் திரண்டு, ஞாயிறு காலை எட்டு மணி வரை ஆடினர். மதுபானம் அங்கு விற்கப்படவில்லை. கால் வழுக்கிச் சுழல்வதற்காகத் தரையிற் பவுடர் தூவினர்; மாற்றுடையைப் பையிற் கொணர்ந்தனர். அம்பெற்றமின் என்னும் ஊக்கமருந்தைப் பலர் உட்கொண்டனர் என்பதும் மறைத்தற்குரியதன்று. குறித்த மூன்று தட்டுகளை இறுதியில் இசைத்து இரவை முடிக்கும் வழக்கம் ஒரு சடங்குபோல நிலைபெற்றது.

இவ்விளைஞர் தமதெனக் கொண்ட பாட்டுகள் பெரும்பாலும் வளர்ந்தோர் வளர்ந்தோர்க்குப் பாடியவை. பிரிவும் ஏமாற்றமும், இழந்ததை மீளப் பெறும் வேட்கையும், இடர்நடுவிலும் தளராத அன்பும் அவற்றின் பொருள்கள். பொருளிற் துயரமும் தாளத்தில் எழுச்சியும் ஒருங்கு நிற்றலே அவற்றின் தனிச்சுவை. அவற்றைப் பாடியோர் கடலுக்கப்பால் வாழ்ந்த வேற்று நிறத்தார். அடிமை வாழ்வையும் அதன்பின் வந்த இழிவுகளையும் கண்ட வரலாற்றினர். இருசாராரையும் இணைத்தது யாது? டெற்றொயிற் மோட்டார் ஆலைகளின் நகரம். மோரவுண் என்னும் இசைத்தட்டு நிறுவனத்தை அங்கு 1959இல் தொடங்கிய பெரி கோடி, முன்னர் போட் நிறுவனத்தின் ஆலையில் உழைத்தவர். ஆலை நகரொன்றிற் பிறந்த பாட்டு மற்றோர் ஆலை நகரில் தனக்குரிய செவியைக் கண்டது. உழைப்பில் ஓய்ந்த உடல் ஓரிரவு தன்னுரிமையோடு அசைதற்கு வேண்டிய தாளம் இரு நகர்க்கும் ஒன்றாயிருந்தது.

ஆகவே இவ்வுட்பண்பாட்டின் தோற்றமே எல்லை கடந்த உள்ள ஒன்றுபாடாகும். லாங்காசயர் ஆலையில் உழைத்த வெள்ளை இளைஞன், தான் என்றும் காணாத, தன்னினும் மூத்த கறுப்பினப் பாடகி ஒருத்தியின் குரலில் தன்னைக் கண்டான். இதனை எவரும் போலியென்றிலர். நிறத்தையும் கடலையும் வயதையும் ஒருங்கே கடந்த அவ்வொன்றுபாடு உண்மையாயின், வயதொன்றை மட்டும் எதிர்த்திசையிற் கடக்கும் முதிர்ந்தோரின் ஒன்றுபாட்டைப் போலியெனத் தள்ளுதற்கு நியாயமில்லை.

பாடியோர் வாழ்விலும் இவ்வுண்மை புலப்படுகின்றது. 1933இற் பிறந்த ரொமி ஹண்ற், அமெரிக்காவில் 'பிளமிங்கோஸ்' என்னும் குழுவிற் பாடிப் புகழ்பெற்றவர். அவர் பின்னர் இங்கிலாந்துக்குப் பெயர்ந்து, நாற்பதைக் கடந்த வயதில் விகன் கசினோ மேடையில் தம் வயதிற் பாதியும் நிரம்பாத இளைஞர்முன் பாடினார். டெற்றொயிற்றில் புகழெய்திய எட்வின் ஸ்ரார் தம் பிற்கால வாழ்வை இங்கிலாந்திற் கழித்து 2003இல் அங்கேயே மறைந்தார். முதிர்ந்தோர் இளைஞர் கூட்டத்தைத் தேடிச்சென்றனர் என்பதே பொதுவாகக் கூறப்படுவது. இங்கோ இளைஞர் கூட்டமே முதிர்ந்தோரைத் தேடிக்கொண்டது.

விகன் கசினோ மூடப்பட்டு நாற்பதாண்டுகளுக்கு மேலாயின. அன்று ஆடியோர் அறுபதையும் கடந்துவிட்டனர்; ஆட்டம் ஒழியவில்லை. வேறு உட்பண்பாடுகளிலும் இந்நிலை காணப்படுதலின் ஆராய்ச்சியாளர் இறுதியில் இதன்பாற் கண் திருப்பினர். அன்டி பெனற் முதிர்ந்த பங்க் அன்பர்களைப் பற்றி 2006இலும், போல் ஹொட்கின்சன் முதிர்ந்த 'கொத்' கூட்டத்தாரைப் பற்றி 2011இலும் கட்டுரைகள் வெளியிட்டனர். இருவரும் சேர்ந்து தொகுத்த நூல் 2012இல் வந்தது. வயது ஏற ஏற உடையின் பகட்டுக் குறைந்து உள்ளப்பற்று வேரூன்றுகின்றது என்பது பெனற்றின் முடிபு. புறக்குறிகளையே நோக்கிய பழைய ஆராய்ச்சிக்கு இஃது ஒரு திருத்தம் எனலாம். ஆயினும் இவ்வாய்வுகள் பெரும்பாலும் இளமையிலே புகுந்து நிலைத்தோரைப் பற்றியன. வளர்ந்தபின் வந்தோர் அவற்றிற் போதிய இடம் பெறவில்லை. நிலைத்தோரின் பற்றைப் பழைய நினைவின் தொடர்ச்சி என்று விளக்கிவிடலாம். நினைப்பதற்கு யாதுமின்றி ஐம்பதாம் வயதிற் புதிதாய் வந்தவரின் பற்றினை அவ்வாறு விளக்குதல் இயலாது. கொள்கைக்கு உரைகல்லாவோர் இவரே.

நினைந்திரங்கலுக்கும் ஒன்றுபாட்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ்ச் சான்றோர் செய்யுளொன்று தெளிவாக்கும். புறநானூற்று 243ஆம் பாட்டில், கோலூன்றி நடுங்கும் முதியவர் ஒருவர், மகளிரோடு கைகோத்து விளையாடியதையும் மரக்கிளையிலிருந்து ஆழ்ந்த நீரிற் குதித்ததையும் எண்ணி, அவ்விளமை எங்குற்றதோ என இரங்குகின்றார். அவர் மீண்டும் குதிக்க விழைந்திலர். இழந்தது இழந்ததே என்னும் தெளிவே அப்பாட்டின் அவலத்திற்கு ஆழந் தருவது. இரங்கலின் நோக்கு இறந்த காலத்தது. புதிதாய் வந்த முதியவரின் நோக்கு அத்தகையதன்று. அவர் இழந்த இளமையைத் தேடுபவரல்லர். இதுகாறும் பெயரிடப்படாது தம்முட் கிடந்த ஒன்றுக்குப் பெயர் கண்டவர். அப்பெயரை முதலில் உச்சரித்தவர் இளைஞராயிருந்தனர் என்பது வரலாற்றுச் செய்தியேயன்றி உரிமைச் சாசனமன்று.

எனினும் இவ்வொன்றுபாட்டிற்கு எதிராக எழும் தடைகள் எளிதில் ஒதுக்கத்தக்கன அல்ல. முதலாவது பொருள்பற்றியது. எந்த எதிர்ப்புக் குறியும் நாளடைவிற் கடைச்சரக்காய் மாறுகின்றது என ஹெப்டிஜ் எச்சரித்தார். இளைஞனிடம் இல்லாத பணம் முதியவரிடம் உண்டு. பிராங் வில்சன் 1965இல் மோரவுண் நிறுவனத்தின் கிளைப்பெயரொன்றிற் பதிவுசெய்த பாட்டு விற்பனைக்கு விடப்படாது நிறுத்தப்பட்டது. எஞ்சிய மிகச்சில படிகளுள் ஒன்று 2009இல் 25,742 பவுணுக்கு விலைபோயிற்று. அத்தொகை சேகரிப்போரிடைக் கைமாறியதே; பாடகரின் உழைப்புக்கான ஊதியமன்று. குளோரியா ஜோன்ஸ் 1964இற் பதிவுசெய்த 'ரெயின்ரட் லவ்' அப்பொழுது விலைபோகவில்லை. வடபுல இராக்கழகங்கள் அதனைப் பேணின. பின்னர் 1981இல் 'சொவ்ற் செல்' என்னும் பிரித்தானிய இருவர் குழு பாடியபோது அது நாட்டின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. இறுகப் பொத்திய கறுப்புக் கை நோதேண் சோல் அன்பரின் சின்னம். அமெரிக்காவிலோ அது கறுப்பின மக்களின் உரிமைப்போர்ச் சின்னம். சின்னத்தை எடுத்துக்கொண்டோர் அதன் கடனையும் எடுத்துக்கொண்டனரா என்னும் வினா இளைஞர்க்கும் முதியோர்க்கும் பொதுவானது. ஆயின் அறிந்து தெளியும் வாய்ப்பு மிகுந்த முதியோர்க்கு அது கூடுதலாகப் பொருந்தும்.

இரண்டாவது தடை இடர்பற்றியது; இதுவே வலியது. ஹொட்கின்சன் ஆராய்ந்த கொத் கூட்டத்தார் கரிய உடையும் வெளிறிய முகப்பூச்சும் உடையவர். அவர்தம் விழா 1994 முதல் விற்பி என்னும் கடற்கரையூரில் நடைபெறலாயிற்று. அதற்கு வரும் முதிர்ந்தோர், விழா முடிந்ததும் அலுவலக உடைக்கு மீளலாம். இளைஞனோ அவ்வுடையோடே பள்ளிக்கும் தெருவுக்கும் செல்பவன். 2007ஆம் ஆண்டு லாங்காசயரின் பேக்கப் என்னும் ஊர்ப் பூங்காவில், கொத் உடையணிந்த இருபது வயது நங்கை ஒருத்தியும் அவள் காதலனும் இளைஞர் சிலராற் கொடுமையாகத் தாக்கப்பட்டனர், அவள் உயிர்துறந்தாள். அவர்தம் தோற்றமன்றி வேறு காரணம் இல்லை. 2013 முதல் மஞ்செஸ்ரர் வட்டாரப் பொலிசார் இத்தகைய தாக்குதல்களை வெறுப்புக் குற்றங்களாகப் பதியலாயினர். உட்பண்பாடு உடையளவில் நிற்பதன்று. அதற்கு உயிரையே விலையாகக் கொடுத்தோர் உளர் என்பதை இது காட்டும். விலை கொடாதவர் உரிமை கொள்ளல் தகுமோ என்னும் வினா இங்கு எழுகின்றது.

இத்தடைகள் முதிர்ந்தோரின் ஒன்றுபாட்டைப் பொய்யென நிறுவவில்லை. அதற்குக் கடமைகள் உளவென நிறுவுகின்றன. கலையை நுகர்தற்குரிய ஒத்த உள்ளத்தோனை வடநூலார் சகிருதயன் என்பர். இடைவிடாப் பயிற்சியால் உள்ளம் கண்ணாடிபோலத் தெளியப்பெற்றவனே சகிருதயன் என அபிநவகுப்தர் விளக்கினார். அவனுக்கு வயது வரையறுத்திலர், பயிற்சியையே வரையறுத்தார். இவ்வளவுகோலை ஈண்டும் கொள்ளுதல் தகும். பாட்டின் பிறப்பையும் பாடியோர் பெயரையும் அவர் பட்ட இன்னலையும் கற்றறிதல் முதற்கடமை. தன் பணத்தாலும் எண்ணிக்கையாலும் இளைஞரின் இடத்தைக் கவராமை இரண்டாவது. இளைஞன் தன் தோற்றத்திற்காக இகழப்படும்போதும் தாக்கப்படும்போதும், சமுதாயத்தில் தனக்குள்ள மதிப்பை அவன்பொருட்டுப் பயன்படுத்துதல் மூன்றாவது. ஆசிரியராயும் அலுவலராயும் பெற்றோராயும் உள்ள முதிர்ந்தோர் இம்மூன்றாம் கடமையைச் செய்தற்கு ஏற்ற நிலையினர். இளமையில் இடர்ப்பட்டுக் கொடாத விலையை இவ்வாறே அவர் கொடுத்தல் கூடும்.

தொகுத்துக் கூறுமிடத்து, பேமிங்காம் அறிஞர் உட்பண்பாட்டை நிலவிய ஒழுங்கிற்கு விடுக்கப்பட்ட விடையாகக் கண்டமை சரியே. அவ்விடை ஒரு பருவத்தார்க்கே உரியதெனக் கொண்டமை பிழை. வேரிழத்தலும் உழைப்பின் சலிப்பும் பிறர் வகுத்த வாழ்வில் அடங்காமையும் இருபது வயதோடு தீர்ந்துபோவன அல்ல; பலர் வாழ்வில் அவை அதன்பின்னரே தொடங்குகின்றன. உலாவைக் காணவந்த பேரிளம்பெண்ணை நகைப்போர், அவளும் அத்தெருவில் வாழ்பவளே என்பதை மறந்தோராவர். தெரு எல்லார்க்கும் உரியது. அதில் முன்வரிசையை இளையோர்க்கு விட்டு நிற்றலே மூத்தோர்க்கு அழகு.